படியாத முடி

என் மகளுக்கு நான் கொடுத்த ஒரே பரம்பரைச் சொத்து என் தலைமுடிதான். வில்லங்கம் உள்ள மனையைக் கொடுத்திருந்தால்கூடப் பிற்காலத்தில் விற்றுக்கொள்வாள். இதை என்ன செய்வது? நூலைவிட மெலிசு, வைக்கோலைவிட வறட்சி, யாராவது கதவைத் திறந்தால்கூட எழுந்து நிற்கும். எனக்கு அது முப்பது வயதுக்குள் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் இருப்பது காதோரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஃபேன் போட்டால் கைதூக்கி ஆஜர் சொல்லும். ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் வேடிக்கை. டீக்கடையில் நாலு பேர் கிண்டல் செய்வார்கள், ஐந்தாவது ஆளாக நானும் சேர்ந்துகொள்வேன். பெண்பிள்ளைக்கு அப்படி இல்லை என்பது என் மனைவி செத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவள் இருந்தவரை பாப்பாவின் தலை அவள் இலாகா. காலையில் நான் பல் துலக்கிவிட்டு வரும்போது, மூன்றாம் வகுப்புச் சீருடையில், இரட்டைச் சடை பின்னி மடித்து ரிப்பன் கட்டி பாப்பா தயாராக நிற்பாள். ஒரு முடி பறக்காது. அது எப்படிப் படிகிறது என்று நான் யோசித்ததே இல்லை. சுவிட்சைப் போட்டால் லைட் எரிகிறது, அதற்கு மேல் எவன் யோசிக்கிறான்? இத்தனைக்கும் எனக்குப் பிழைப்பே பீங்கான் ஃப்யூஸ் கட்டை செய்வதுதான். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் மேஸ்திரி.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, பாப்பாவுக்குச் சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்பினாள். மத்தியானம் அடுப்பு எதிரிலேயே விழுந்தாள். மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. பாப்பா பள்ளிவிட்டு வந்தபோது வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள். காலையில் பின்னிய சடை அப்படியே இருந்தது, ரிப்பன்கூட நழுவவில்லை.

மறுநாள் எடுத்துப் போன பிறகு வீட்டுப் பெண்கள் எல்லாரும் தலை முழுக வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் அதுதான் வழக்கம். பாப்பா இரண்டு சடைகளையும் இரண்டு கைகளில் பிடித்துக்கொண்டு பின்பக்கச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"அவுக்காதீங்க. அம்மா பின்னுனது."

என் மனைவியின் அக்கா பெண்ணாடத்திலிருந்து வந்திருந்தார்கள். அழுது அழுது குரல் போயிருந்தது. அவர்களுக்கும் மனசு வரவில்லை. சடையை அவிழ்க்காமல் அப்படியே மேலே தண்ணீரை ஊற்றினார்கள். எங்கள் தெரு போர்த் தண்ணீர் உப்பு. பாத்திரத்தில் காய்ந்தால் வெள்ளையாகப் பூத்துப்போகும். அந்தத் தண்ணீரில் நனைந்த சடையோடு பாப்பா தூங்கினாள், எழுந்தாள், மறுபடி தூங்கினாள். யாரையும் தொடவிடவில்லை. காரியம் முடிந்து பந்தல் பிரிக்கிறபோது அது சடையாக இல்லை. இரண்டு தேங்காய் நார்ச் சுருணை மாதிரி ஆகிவிட்டது.

அக்கா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். "தம்பி, இது இனிமே சீப்புக்கு அடங்காது. மொட்ட போட்டுடலாம். கோயிலு வேண்டுதல்னு சொல்லிக்கலாம்."

"வேணாங்கா. நான் பிரிச்சி எடுத்துடறன்."

"நீங்களா?" அக்கா என் தலையை ஒரு பார்வை பார்த்தார்கள். "ஒங்க தலையவே ஒங்களால காப்பாத்த முடியல."

சாவு வீட்டில் நான் சிரித்தது அப்போதுதான். அக்கா சிரிக்கவில்லை.

"நான் வெளையாட்டுக்குச் சொல்லல தம்பி. எங்கூட அனுப்பி வைங்க. எனக்கு ரெண்டும் ஆம்பளப் புள்ள. அங்கயே ஸ்கூலு இருக்குது, காலையில தல வாரிவுட ஒரு ஆளு இருக்குது. நீங்க விடிஞ்சா மண்ணு, அடைஞ்சா மண்ணு. இந்தத் தலையோட அவ ரோட்டுல நடந்தா, பாக்கறவங்களுக்கு ஒடனே தெரிஞ்சிடும் தாயில்லாத புள்ளன்னு. எந்தங்கச்சி புள்ளைய அப்பிடிப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

"எம்பொண்ண நான் பாத்துக்கறன்கா."

"சரி. முழுப் பரீட்சை வரைக்கும் பாக்கறன். அதுக்குள்ள இந்தத் தலை ஒழுங்காவுலன்னா லீவுல வந்து அழைச்சிக்கினு போயிடுவன். அப்பறம் பேச்சு கெடையாது."

அவர்கள் நல்லவர்கள் என்பதுதான் என் பிரச்சினை. கெட்டவர்களாக இருந்திருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருப்பேன்.

தினமும் வேலைவிட்டு வந்ததும் பாப்பாவை முன்னால் உட்காரவைத்து, செல்போனில் கார்ட்டூன் போட்டுக் கொடுத்துவிட்டு, தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு நுனியிலிருந்து சிக்கை எடுப்பேன். முதல் நாளே அவள் தலையை இழுத்துக்கொண்டாள்.

"அப்பா, கை பிராண்டுது."

நியாயம்தான். களிமண்ணும் அச்சு வார்க்கிற பிளாஸ்டரும் சேர்ந்து என் விரல்களை உப்புத்தாள் ஆக்கி வைத்திருந்தன. ஒவ்வொரு வெடிப்பிலும் அவள் முடி ஒன்று மாட்டிக்கொண்டது. மகள் தலையைத் தொட எனக்குக் கை லாயக்கில்லை. அதனால் பாப்பாவுக்கு முன்னால் என் கைகளுக்குப் பராமரிப்பு ஆரம்பமானது. யூனிட்டிலிருந்து கிளம்பும்போது வாசலைன் தடவிக்கொண்டு வருவேன். கூட வேலை செய்கிறவர்கள், "என்னா மேஸ்திரி, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றார்கள். ஆமாம் என்றேன்.

பாப்பா அழவில்லை. எப்போதாவது "மெதுவாப்பா" என்பாள், அவ்வளவுதான். கடைசிச் சிக்கு பிரிந்து முடி தோளில் விழுந்த அன்று, அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"அம்மா பின்னுனது எல்லாம் போயிடுச்சாப்பா?"

எனக்கு எதற்கும் ஒரு ஜோக் இருக்கும். நாக்கு நுனியில் தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"போயிடுச்சி பாப்பா."

அவள் கார்ட்டூனைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் என் திருவிளையாடல்கள் தொடங்கின. வறண்ட முடிக்கு ஊரே ஒரு மருந்துதான் சொல்லும்: எண்ணெய். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கூட, "புள்ள தலையில எண்ண காணலியே" என்பார். சரி, காணவில்லை என்று சொன்னவர்கள் கண்ணில் படட்டும் என்று ஊற்றினேன். எனக்குச் சனிக்கிழமை அரை நாள்தான் வேலை, அதனால் சனிக்கிழமையில் பாப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். அது ஆம்பளைகள் எண்ணெய் முழுகுகிற நாளாம். பெண்பிள்ளைக்கு வெள்ளிக்கிழமையாம். அதற்கு ஒரு தரம் தெருவில் பேச்சு வாங்கினேன். பிறகு தினமும் காலையில் உள்ளங்கை நிறைய ஊற்றி, வழித்து, இழுத்து இறுக்கிப் பின்னினேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணவர் குவைத்தில் இருக்கிறார். அந்தப் பெண் மாடியில் துணி காயவைத்துக்கொண்டே கீழே எட்டிப் பார்த்தார்.

"ண்ணே, இன்னைக்கி வூட்ல வடையா?"

"இல்லியேம்மா, ஏன்?"

"இல்ல, புள்ள தலையில எண்ண காயுதே, அதான் கேட்டன்."

மெலிசு முடியில் எண்ணெய் எவ்வளவு ஊற்றினாலும் உள்ளே இறங்காது போலிருக்கிறது. மேலேயே நின்று, முடியையெல்லாம் ஒன்றாக ஒட்டி, மண்டைத் தோலைக் காட்டும். இரண்டு சடையும் இரண்டு எலிவாலாகத் தொங்கின. தொழிற்பேட்டை ரோட்டுத் தூசி முழுக்க அதில் வந்து குடியேறியது. அந்தப் பிசுக்கைப் போக்கச் சீயக்காய் போட்டேன். சீயக்காய் எண்ணெயோடு முடியில் இருந்த உயிரையும் எடுத்துக்கொண்டு போனது. காய்ந்ததும் தலை பத்து ஊருக்குத் தெரிகிற மாதிரி விரிந்தது. மறுபடி எண்ணெய். இறுக்கிப் பின்னியதில் நெற்றி ஓரத்து முடியெல்லாம் அறுந்து, குட்டிக் குட்டியாக முள்ளம்பன்றி மாதிரி நின்றது. செல்போனில் வீடியோ பார்த்து ஒரு பாட்டில் சீரம் வாங்கினேன். வீடியோவில் தலையைக் குலுக்கிக் காட்டிய பெண்ணுக்கு, அது தேவையே இல்லாத முடி.

ஒரு நாள் பள்ளிவிட்டு வந்தவள் பையை வைத்துவிட்டுச் சொன்னாள். "பசங்க என்னைப் பரட்டைங்கிறாங்கப்பா."

"மிஸ்ஸுகிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"மிஸ்ஸு பாவம்ங்கிறாங்க."

நான் சிரிப்புக் காட்டுகிற குரலில் கேட்டேன். "எது பரவால்ல ஒனக்கு? பரட்டையா, பாவமா?"

அவள் உண்மையிலேயே யோசித்தாள். "பரட்டையே பரவால்ல."

பொங்கலுக்கு அக்கா வந்தார்கள். கரும்புக் கட்டை வாசலில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் பாப்பாவின் தலையைத்தான் பார்த்தார்கள். நான் அன்று காலையில் எண்ணெய், சீரம், தண்ணீர் எல்லாம் போட்டு அமுக்கி வைத்திருந்தேன். இருந்தும் அவர்கள் பார்க்கிறபோதே வகிட்டில் இருந்து ஒவ்வொன்றாக எழுந்தது.

"தம்பி."

"அக்கா, பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்குது."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

போகும்போது பாப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, பெண்ணாடத்துக்கு வர இஷ்டமா என்று கேட்டிருக்கிறார்கள். அவள், "அப்பா தனியா இருப்பாங்க" என்றாளாம். இஷ்டமில்லை என்று சொல்லவில்லை. அதை நான் அன்று கவனிக்கவில்லை.

முதல் வெளிச்சம் யூனிட்டில் வைத்துத்தான் வந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருத்தர், அச்சிலிருந்து எடுத்து இன்னும் சூளையில் வைக்காத பச்சைச் சாமான்களைச் சீக்கிரம் காயட்டும் என்று ஃபேன் காற்றில் வரிசையாக வைத்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம். "யோவ், ஈரம் மெதுவா எறங்கணும்யா. காத்துல வச்சா மேல காஞ்சி உள்ள காயாம நார்நாரா வெடிச்சிடும். ஈரத் துணியப் போட்டு மூடு!" என்று கத்தினேன். கத்தி முடித்ததும் எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. அன்று காலையில்தான் பாப்பாவைக் குளிப்பாட்டி, துண்டால் பரபரவென்று தேய்த்து, பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று டேபிள் ஃபேனை முழு வேகத்தில் வைத்து அதன் முன்னால் உட்காரவைத்திருந்தேன். அறிவை யூனிட் வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற ஆள் நான்.

அதிலிருந்து துண்டை நிறுத்தினேன். என்னுடைய பழைய பனியனால் ஒற்றி ஒற்றி எடுத்து, கால்வாசி ஈரம் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே வாரினேன். கொஞ்சம் அடங்கியது. ஆனாலும் அந்த வறட்சி போகவில்லை. தொட்டால் சரசரவென்றது, சாமான் மேல் படிகிற மண் தூசி மாதிரி.

கேன் தண்ணீர் போடுகிறவர்தான் அதற்கு வழி திறந்தார். அவருக்கு அது தெரியாது. காலிக் கேனை எடுக்க வந்தவர், முக்கால் கேன் அப்படியே இருப்பதைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

"என்னா சார், ரெண்டு பேருமே தண்ணி குடிக்கிறத வுட்டுட்டீங்களா? அக்கா இருந்தப்போ நான் வந்து நிக்கிறதுக்குள்ள காலி கேன் வெளிய இருக்கும். இப்ப பாதிகூட எறங்கல."

ஒருத்தி போய்விட்டாள், குறையும்தான் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவர் வண்டி தெருமுனை திரும்பிய பிறகு உறைத்தது. ஒரு ஆள் குடிக்கிற தண்ணீர் அவ்வளவு இருக்காது. அவள் என்ன, மாடா?

பாப்பா உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, அம்மா கேன் தண்ணிய வேற எதுக்காவது எடுப்பாங்களா?"

பென்சில் நின்றது.

"சொல்லு, அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டன்."

"எந்தலைக்கு. குளிச்சி முடிச்சதும் கடைசியா அந்தத் தண்ணி ஊத்துவாங்க. உப்பு போறதுக்கு. காலையில பின்னறப்பவும் அதத் தொட்டுத்தான் தடவுவாங்க."

"ஏன் பாப்பா எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"அப்பாகிட்ட சொல்லாதன்னு சொன்னாங்க. நீங்க கத்துவீங்கன்னு."

"நான் எப்பக் கத்தினன்?"

அவள் பென்சிலை வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து, தொந்தியை முன்னால் தள்ளி, என் குரலில் சொன்னாள். "'என்னாடி இது, கேன் தண்ணியில யானையா குளிப்பாட்டுற?'"

அச்சு அசல் நான். அது ஜோக் என்றுதான் நினைத்துச் சொல்லியிருந்தேன். அப்போது என் மனைவி அடுப்படியிலிருந்து, "ஆமா, யானைதான்" என்று சொன்னதுகூட ஞாபகம் வந்தது. நான் அதையும் ஜோக் என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன்.

"அம்மாதான் இல்லியே, இப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லாதன்னு சொன்னாங்கல்ல" என்றாள், இதைக்கூடவா விளக்க வேண்டும் என்பது மாதிரி.

பின்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டி மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தொட்டி விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முறை மாறியது. குளிப்பதற்கு முன்னால் நுனிக்கு மட்டும் கொஞ்சம் எண்ணெய், தலை முழுக்க இல்லை. ஷாம்பூவை நேரடியாகக் கொட்டாமல் ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து, மண்டைக்கு மட்டும். கண்டிஷனர் கழுத்துக்குக் கீழே உள்ள முடிக்கு. போர்த் தண்ணீரில் அலசி முடித்து, கடைசிக் குவளை கேன் தண்ணீர். அப்புறம் பனியன், நிழல், அகலச் சீப்பு. பள்ளி நாட்களில் தலைக்குக் குளியல் இல்லை. உள்ளங்கையில் கேன் தண்ணீரைத் தொட்டு மேலாகத் தடவி, இரண்டு சொட்டு எண்ணெயைக் கையில் தேய்த்துக்கொண்டு அந்தக் கையாலேயே பின்னுவேன். இறுக்க மாட்டேன். மெலிசு முடியை இறுக்கினால் அறுந்து எழுந்து நின்று பழிவாங்கும். ஆரம்பத்தில் என் சடை பள்ளி போய்ச் சேர்வதற்குள் அவிழ்ந்தது. பிறகு மத்தியானச் சாப்பாடு வரை நின்றது. பிறகு சாயங்காலம் வந்து நானே அவிழ்க்கிறவரை நின்றது.

முடி படிந்தது. ஒரே நாளில் இல்லை. ஆனால் ஒரு காலையில் ரிப்பன் கட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன், ஒன்றுகூடப் பறக்கவில்லை. டேபிள் ஃபேனைப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் பறக்கவில்லை. என் காதோரத்து நாலு முடிதான் வழக்கம்போல எழுந்தது. பாப்பா கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள், திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. ஏதோ ஒரு கணக்கைச் சரிபார்க்கிற முகத்தோடு பையை எடுத்துக்கொண்டாள்.

முழுப் பரீட்சை முடிந்த மறுநாள் அக்கா வந்தார்கள். கையில் பெரிய பை. பாப்பாவின் துணிகளை எடுத்துப் போகத்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது. பாப்பாவைத் திருப்பி நிறுத்தினார்கள். வகிட்டைப் பார்த்தார்கள். சடையைக் கையில் வைத்துக் கட்டைவிரலால் தடவினார்கள்.

"பக்கத்து வூட்டுப் பொண்ணா பின்னுனுது?"

"அப்பா" என்றாள் பாப்பா.

அக்கா சடையை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார்கள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டார்கள். குழாயைத் திறந்துவிட்டு அழுகிற சத்தம் கேட்டது. முகம் கழுவிக்கொண்டு வந்து சொன்னார்கள்.

"தம்பி, எந்தங்கச்சி கையி மாதிரியே இருக்குது. நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறன். புள்ள இங்கயே இருக்கட்டும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஒக்காருங்கக்கா, ஒங்களுக்கும் ஒண்ணு பின்னி வுடறன்" என்றேன். அக்கா ஈர முகத்தோடு சிரித்துவிட்டார்கள். "வாய்க்கு மட்டும் கொறைச்சல் இல்ல" என்றார்கள்.

அப்போது பாப்பா சொன்னாள். "நான் பெரியம்மாகூட போறன்."

"லீவுக்குத்தான? போயிட்டு வா. ஆத்துல மட்டும் எறங்காத."

"லீவுக்கு இல்லப்பா. அங்க ஸ்கூலுக்கு."

நான் சிரித்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினேன். முட்டி போட்டு உட்கார்ந்து, ஏன் என்று கேட்டேன். அவள் ரிப்பன் நுனியைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"எங்க மிஸ்ஸு லீவுல போனாங்கல்ல. புது மிஸ்ஸு வந்தாங்க. எஞ்சடையப் பாத்துட்டு, 'ஒங்கம்மா எவ்ளோ அழகா பின்னி வுட்டுருக்காங்க'ன்னாங்க. நான் 'ஆமா மிஸ்ஸு'ன்னன்."

"ம்."

"கொஞ்ச நாளு நல்லா இருந்துச்சிப்பா. எல்லார்கிட்டயும் பேசற மாதிரியே எங்கிட்டயும் பேசினாங்க. ஹோம்வொர்க் எழுதலன்னா திட்டினாங்க. அப்பறம் பின்னாடி பெஞ்சு பொண்ணு சொல்லிடுச்சி, அவங்கம்மா செத்துட்டாங்க மிஸ்னு. மிஸ்ஸு என்னக் கூப்புட்டுக் கட்டிப் புடிச்சிக்கிட்டாங்க. அதுலருந்து திட்டவே மாட்டங்கிறாங்க."

"திட்டலன்னா நல்லதுதான பாப்பா?"

"பெண்ணாடத்துல யாருக்கும் தெரியாதுல்லப்பா" என்றாள்.

அக்கா, "சின்னப் புள்ள பேச்சு, வுடுங்க தம்பி" என்றார்கள். நான் அப்படி விட்டுவிடத்தான் பார்த்தேன். அக்கா அன்று ஊருக்குத் திரும்பிய பிறகு, அந்த லீவு முழுக்க என்னென்னவோ பேரம் பேசினேன். சைக்கிள் என்றேன். நாய்க்குட்டி என்றேன். அந்தப் பள்ளியில் பேய் இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். அவள் எல்லாவற்றுக்கும் பொறுமையாகக் காது கொடுத்துவிட்டு, "ஞாயித்துக்கெழம நீங்க வாங்கப்பா" என்றாள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அவளே யோசித்து வைத்திருந்தாள். தலை ஒழுங்காக இல்லாமல் இருந்திருந்தால் அவளுக்கு இந்த யோசனையே வந்திருக்காது. எந்த ஊருக்குப் போனாலும் தலையே காட்டிக்கொடுத்திருக்கும். இப்போது காட்டிக்கொடுக்க ஒன்றும் இல்லை. அவ்வளவு நன்றாகப் பின்னப் பழகியிருந்தேன்.

பள்ளி திறக்கிறதற்கு முன்னால் அக்கா அழைத்துப்போக வந்தார்கள். அவர்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் காட்டினேன். நுனிக்கு மட்டும் எண்ணெய், துண்டு கூடாது, இறுக்கக் கூடாது.

"கேன் தண்ணி?" என்றேன்.

"எங்க ஊரு தண்ணி நல்ல தண்ணி தம்பி. அதெல்லாம் வேணாம்."

எனக்கு அந்த ஊர்த் தண்ணீர் மேல் பொறாமை வந்தது. தண்ணீர் மேல் பொறாமைப்பட்ட மனிதன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கடைசியாக நான் பின்னிவிட்டேன். அவசரப்படாமல் பின்னினேன். பாப்பா, "பஸ்ஸு போயிடும்ப்பா" என்றாள்.

பெண்ணாடம் ஒன்றும் அமெரிக்கா இல்லை. அரை மணி, முக்கால் மணி நேரம். நினைத்தால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் காலை நேரத்துக்குப் போக முடியாது. எனக்குக் கிடைத்திருந்தது அந்தக் காலை நேரம்தான்.

பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரம் பாப்பாவை உட்காரவைத்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் கீழே இறங்கி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதே சீட்டின் ஓரத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி குனிந்து பாப்பாவைப் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டார்.

"ஒங்க பொண்ணாம்மா? முடி பட்டு மாரி இருக்குதே. இப்ப எந்தத் தாயி இவ்ளோ பொறுமையா பின்னி வுடறா?"

அக்கா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்கள். பாப்பா என்னையும் பார்க்கவில்லை, அவர்களையும் பார்க்கவில்லை. மடியில் வைத்த பையின் ஜிப்பை நகர்த்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

நான் தலையை ஆட்டினேன்.

"ஆமாங்க" என்றார்கள் அக்கா. "எம்பொண்ணுதான்."

பாப்பா மூச்சை விட்டாள். கண்டக்டர் விசில் அடித்தார். நான் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.